வெறுமனே திரும்பாத டப்பா

ஒனோமிச்சி,
1999 ஏப்ரல் 18

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். நம் வீட்டுக்குப் பின்னால் சரிவில் மூங்கில் குருத்து மண்ணை முட்டத் தொடங்கிவிட்டது. அங்கே ஹகோடாட்டேயில் இன்னும் ஹீட்டரை அணைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நான் நலம். ஒரு ஆளுக்குச் சமைத்து, அந்த ஒரு ஆளே சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவி வைக்கிறவளுக்கு நலம் கெட என்ன இருக்கிறது?

குருத்தைப் பக்கத்து வீட்டுக் கவாபே அம்மாள் தோண்டிக் கொடுத்தார். தவிட்டுத் தண்ணீரில் ஒரு மிளகாயைப் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டுத்தான் உங்களுக்குக் கூரியரில் அனுப்பினேன். வந்தது, சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று மூன்று வரியில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதம் எப்போதுமே மூன்று வரிதான். அதில் எனக்குப் புகார் இல்லை.

புகார் டப்பாவைப் பற்றி. கம்பெனி உங்களை அந்த ஊருக்கு மாற்றிய இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் திருப்பி அனுப்பிய டப்பாக்கள் எந்த லட்சணத்தில் வந்தன என்று உங்களுக்கு நினைவிருக்காது. மூடியின் இடுக்கில் காய்ந்த மிசோ, அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒருமுறை உள்ளே உங்கள் காலுறை ஒன்று இருந்தது. ஆனால் நேற்று முன்தினம் வந்த டப்பா பளிச்சென்று கழுவி, துடைத்து, காயவைத்து வந்திருக்கிறது. அது போதாதென்று உள்ளே ஒரு சின்னப் பொட்டலம். பனி விலகியதும் முளைக்குமே, அந்தக் கசப்பு மொட்டைப் பொடியாக அரிந்து மிசோவில் வதக்கியது. சோற்றில் வைத்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பலகாரம் வந்த டப்பாவை வெறுமனே திருப்பக் கூடாது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு தீப்பெட்டியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கவாபே அம்மாளுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அது அக்கம்பக்கத்தாருக்கு. கட்டிய பெண்சாதிக்கு எந்தப் புருஷன் டப்பாவில் பதிலுக்குப் பதில் போட்டு அனுப்புகிறான்? நான் யாருக்கு வெறும் அடுத்த வீட்டுக்காரியோ, அந்தப் பெண்தான் அதைப் போட்டிருக்க வேண்டும். யார் அது என்று நான் கேட்கவில்லை. மொட்டை வதக்கும்போது சர்க்கரை கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இனிமேல் பார்சலைக் கம்பெனிக் குடியிருப்புக்கு அனுப்பாதே, அங்கே பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. புதிய முகவரியை எழுதி வைத்துக்கொண்டேன்.

குளிரில் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
மிட்சுயோ


ஒனோமிச்சி,
ஜூலை 6

அன்புள்ள உங்களுக்கு,

மழை இன்னும் விடவில்லை. துணி காயவில்லை, உப்புகூட ஜாடிக்குள் கசிகிறது. ஆனாலும் இந்த வருடம் ஊறுகாய் போடும் உமே காய் நன்றாக விளைந்தது. ஆறு கிலோ காயை உப்பில் போட்டு மேலே கல் ஏற்றி வைத்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு ஆறு கிலோ எதற்கு என்று கேட்பீர்கள். கை பழகிவிட்டது. இரண்டு ஆளுக்குக் குறைவாக எதையும் போட என் கைக்குத் தெரியவில்லை.

உங்கள் அட்டையில் இந்தத் தடவை நான்கு வரி. கத்தரிக்காயின் தோலில் முதலில் எண்ணெயைத் தடவிவிட்டு வேகவை, நிறம் மங்காது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். முப்பது வருடத்தில் இந்த வீட்டில் கத்தரிக்காய் எந்தக் கூடையில் இருக்கிறது என்றாவது உங்களுக்குத் தெரியுமா? நான் காய்ச்சலில் கிடந்தபோது சோறு வடிக்கத் தெரியாமல் மூன்று நாளும் ரொட்டி வாங்கி வந்தவர் நீங்கள். செய்து பார்த்தேன். நிறம் மங்கவில்லை. இந்த வித்தையை உங்களுக்கு யார் சொன்னது?

டப்பாவில் இந்த முறை வெள்ளரிக்காய். உப்பில் பிசறி, இஞ்சியோடு ஊறவைத்து, வில்லை வில்லையாகச் சாய்த்து அடுக்கியது. நான் அதைச் சாப்பிடுவதற்கு முன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அரிந்து அடுக்கினால் வில்லைகள் வலப்பக்கம் சாயும். கவாபே அம்மாள் அடுக்கினாலும் அப்படித்தான். இவை எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. பொட்டலத்தின் கயிற்று முடிச்சும் தலைகீழ். ஆகவே அவள் இடக்கைக்காரி. எனக்கு அவள் முகம்கூடத் தெரிகிறது. நாற்பது வயதுக்கு மேல், வாயோரம் ஒரு மச்சம், மாலையில் துறைமுகத்து ஆட்களுக்குச் சின்னதாய்க் கடை போட்டு நடத்துகிறவள், சிரித்தால் பல் தெரியாது.

நான் வேடிக்கைக்கு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

மேலாளர் நகாஹரா வீட்டுக்குக் கோடை மரியாதையை இங்கிருந்தே கொடுத்துவிடுகிறேன், நீ எதுவும் அனுப்பாதே என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்தைந்து வருடமாக உங்கள் மேலாளர்களின் வீடுகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை பரிசு அனுப்புகிறவள் நான்தான். அந்த வேலையும் என் கையை விட்டுப் போகிறதா? யார் தேர்ந்தெடுத்தது, என்ன கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இப்போதைக்கு நான் அனுப்பவில்லை.

ஆகஸ்டில் செத்துப்போன முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் நாட்களுக்கு வந்துவிடுவீர்கள்தானே? ரயில் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மிட்சுயோ


ஆகஸ்ட் 17

நீங்கள் வரவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று இரண்டு வரி. நாடு முழுக்க அலுவலகங்கள் அடைத்திருக்கும் வாரத்தில் உங்களுக்கு மட்டும் விடுப்பு இல்லை.

உங்கள் அம்மாவின் படத்துக்கு முன்னால் வெள்ளை உருண்டைகளை நான் தனியாகத்தான் படைத்தேன். சேமியாவை வேகவைத்து ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்தேன். இரண்டு ஆளுக்கு. கவாபே அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்ன கேட்டார் தெரியுமா? "என்னம்மா, செத்துப்போனவங்கல்லாம் டாண்ணு வீடு வந்து சேர்ந்துட்டாங்க. உசுரோட இருக்கறவருக்குத்தான் வழி தெரியலையாக்கும்?" நான் சிரித்து வைத்தேன். உள்ளே வந்து அழுதேன். அழுதேன் என்பதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மி.


ஒனோமிச்சி,
அக்டோபர் 24

அன்புள்ள உங்களுக்கு,

மலை சிவக்கத் தொடங்கிவிட்டது. சான்மா மீன் கொழுத்து வருகிறது. தினமும் ஒன்று சுடுகிறேன். மீன்காரர் ஒற்றை மீனைக் காகிதத்தில் சுற்றும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருக்கும் என்னவோ தெரிந்திருக்கிறது போலும்.

போன மாதக் கடைசியில் உங்களுக்கு ஒரு கிலோ பச்சைக் கஷ்கொட்டை அனுப்பினேனே, ஏன் வேகவைக்காமல் அனுப்பினேன் என்று யோசித்தீர்களா? அது சோதனை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆரஞ்சைக்கூட நான் உரித்து வைத்தால்தான் தொடுகிறவர் நீங்கள். நீங்கள் தனி ஆளாக இருந்தால் அந்தக் கொட்டைகள் மூலையில் கிடந்து புழுத்திருக்க வேண்டும். புழுத்துப்போனது, மன்னித்துக்கொள் என்று நீங்கள் எழுதியிருந்தால் அன்றைக்கு நான் கோயிலில் விளக்கு ஏற்றியிருப்பேன்.

வந்ததோ ஒரு ஜாடி. வெளி ஓட்டை மட்டும் எடுத்துவிட்டு, உள்தோலில் ஒரு கீறல் படாமல், மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்து, சர்க்கரைப் பாகில் மெதுவாக ஊறவிட்ட நாற்பத்திரண்டு கொட்டைகள். எண்ணினேன். ஒன்றிலாவது கத்தி பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எனக்கே பத்துக்கு இரண்டு உடையும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால்தான் இது நடக்கும். ஒரு நாள் முழுக்க உங்களுக்காக உட்காருகிறவள் வெறும் கடைக்காரி இல்லை.

ஜாடியைச் சுற்றி வந்த காகிதத்தையும் பிரித்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்து. வியாழக்கிழமை, மிசோவில் கானாங்கெளுத்தி, எண்பது பேர். கீரை, எள் போட்டுப் பிசறியது. பல் இல்லாதவர்களுக்கு மசித்து. பன்னிரண்டு பேருக்கு உப்பு குறைவு. அவள் கடைக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு நெருக்கமாகிவிட்டீர்களா? எண்பது பேர் என்றால் பெரிய கடைதான். பல் இல்லாதவர்கள் கூட்டமாக வந்து சாப்பிடும் கடை என்ன கடை என்றுதான் எனக்கு விளங்கவில்லை. வெந்நீர் ஊற்று விடுதியோ என்னவோ.

இதை இனிமேலும் இழுக்க என்னால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குப் போய் விவாகரத்துத் தாள் ஒன்று வாங்கி வந்தேன். கொடுத்த பெண் என் வயதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு எடுத்துக்குங்கம்மா, ஒண்ணு எழுதும்போது தப்பாயிடும்" என்று சொன்னாள். நான் தப்பாக எழுதவில்லை. என் பக்கத்தை நிரப்பி முத்திரையும் வைத்துவிட்டேன். அது அரிசிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. உங்கள் பக்கம் மட்டும்தான் காலி. புத்தாண்டுக்கு நீங்கள் வர வேண்டும். வராவிட்டால் அதைத் தபாலில் அனுப்புவேன். நான் மிரட்டவில்லை, சொல்லி வைக்கிறேன்.

கஷ்கொட்டையில் நான் இன்னும் கை வைக்கவில்லை.

இப்படிக்கு,
மிட்சுயோ


ஒனோமிச்சி,
டிசம்பர் 12

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். இங்கேயும் குளிர் இறங்கிவிட்டது. முள்ளங்கி இனிக்கிறது, சிப்பி பருத்திருக்கிறது. மண்சட்டியை அலமாரியிலிருந்து இறக்கிக் கழுவி வைத்தேன். ஒரு ஆளுக்கு அது பெரிது என்று போன வருடம் தொடவே இல்லை. இந்த வருடம் இறக்கியிருக்கிறேன்.

நீங்கள் அக்டோபர் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. ஆனால் நவம்பரில் டப்பா வந்தது. உள்ளே முள்ளங்கி ஊறுகாய், வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்து. அதை என்ன செய்வதென்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாமல் வாசியுங்கள்.

உங்கள் அம்மாவின் நினைவு நாளுக்கு உங்கள் அக்கா தோமி வந்திருந்தார். சாப்பாட்டுக்கு அந்த ஊறுகாயை எடுத்து வைத்தேன். தூக்கி எறியவும் மனசில்லை, தனியாகத் தின்னவும் பிடிக்கவில்லை. அக்கா ஒரு வில்லையைக் குச்சியில் எடுத்தார், வாய்க்குக் கொண்டு போகாமல் அப்படியே நிறுத்திவிட்டார். "அடியே மிட்சுயோ, இது என் தம்பி செய்கிச்சி வெட்டுனதுல்ல?" என்றார்.

நான் சிரித்தேன். அவருக்குக் கத்தியின் எந்தப் பக்கம் கூர் என்றுகூடத் தெரியாதே அக்கா என்றேன்.

"உனக்கு என்னடி தெரியும்? சின்னப் புள்ளையில அவனுக்கு அடுப்படிதான் உசுரு. எனக்கு முன்னாடி எந்திரிச்சு ஊறுகாய் அரிஞ்சு வச்சிருப்பான், எல்லாம் இடது கையால. அம்மா பார்த்துட்டாங்க. ஆம்பளப் புள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை, அதுவும் இந்தக் கையாலயான்னு, இடுப்புப் பட்டைய எடுத்து அந்தக் கைய இடுப்போட சேர்த்துக் கட்டிட்டாங்க. ரெண்டு வருஷம் கட்டினபடியே சாப்பிட்டான். அப்புறம் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்கலை." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "முப்பது வருஷமாக் குடும்பம் நடத்துறே, புருஷன் எந்தக் கைக்காரன்னு தெரியாம இருந்திருக்கியே!"

நான் ஒரு வில்லையை எடுத்து, அது எந்தப் பக்கம் சாய்த்து வெட்டியது என்று மறுபடி திருப்பிப் பார்த்தேன்.

ஆனாலும் நான் லேசில் நம்புகிறவள் இல்லை. வெட்டியது நீங்களாகவே இருக்கட்டும், அவள் கடையில் அவளோடு சேர்ந்து நின்று வெட்டுகிறீர்களா என்று அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. அதனால் இந்த முறை உங்களைக் கேட்காமலேயே, ஆண்டுக் கடைசி மரியாதையாக ஒரு பெட்டி ஆரஞ்சை நகாஹரா வீட்டுக்கு நேராக அனுப்பினேன். மரியாதைக்காக அனுப்பவில்லை. நன்றிக் கடிதம் வரும், அதில் ஏதாவது ஒரு நுனி கிடைக்கும் என்றுதான் அனுப்பினேன். உங்கள் பெண்சாதி அவ்வளவு மோசமானவள்.

கடிதம் முந்தாநாள் வந்தது. நகாஹராவின் மனைவி மிகவும் நாகரிகமாக எழுதியிருக்கிறார். மார்ச் மாத ஆட்குறைப்பில் உங்கள் கணவர் எங்களை விட்டுப் போன பிறகும் இந்த மரியாதையைப் பெற்றுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். தன் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தின் சமையலறையில்தான் உங்கள் கணவர் இப்போது வேலை செய்கிறார், அம்மாவுக்குப் பல் இல்லை, உங்கள் கணவர் மசித்துக் கொடுக்கும் மீனைத் தவிர வேறு எதையும் இப்போது சாப்பிடுவதில்லை, மகளாகிய நான் செய்து கொண்டுபோனால்கூட வேண்டாம் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தேன்.

ஒரு மாதம்கூடத் தவறாமல் வீட்டுச் செலவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் என் சந்தேகம் இந்தப் பக்கம் வராமல் அந்தப் பக்கமே போனது. எட்டு மாதமாக ஹகோடாட்டேயில் இல்லாத ஒரு பெண்ணோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அவளுக்கு மச்சம்கூட வைத்துவிட்டேன். அவள் செய்த கஷ்கொட்டையைத் தொட மாட்டேன் என்று ஜாடியை மேல் தட்டில் ஏற்றி வைத்திருந்தேன். நேற்று இறக்கி ஒன்று சாப்பிட்டேன். பிறகு மூன்று சாப்பிட்டேன். பாகு சரியான பதம். நாற்பத்திரண்டையும் நீங்கள் எங்கே உட்கார்ந்து உரித்தீர்கள்? எண்பது பேருக்குச் சமைத்து முடித்த பிறகா? அந்த முழங்காலோடா?

இதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். எப்போதும்போல மூன்று வரி எழுதுங்கள், போதும்.

ஆனால் ஒரு சந்தேகம் இன்னும் பாக்கி இருக்கிறது, அதை மட்டும் கேட்டுவிடுகிறேன். என் டப்பாவில் ஏன் பதிலுக்கு வைத்தீர்கள்? கை நிறையச் சம்பளம் தரும் வேலை இருந்தவரை, மிசோ காய்ந்த டப்பாவைக் கூச்சமே இல்லாமல் திருப்பி அனுப்பினீர்கள். அது என் புருஷன் அனுப்பிய டப்பா. வேலை போன மறு மாதத்திலிருந்து கழுவித் துடைத்து, உள்ளே ஏதாவது வைத்து, அக்கம்பக்கத்து ஆளைப்போல அனுப்பத் தொடங்கிவிட்டீர்கள். இந்த வீட்டுச் சாப்பாட்டைச் சும்மா சாப்பிடும் உரிமை உங்களுக்குப் போய்விட்டதென்று யார் சொன்னது? நான் சொன்னேனா? அந்தப் பெண் விஷயத்தில்கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

அரிசிப் பெட்டிக்கு அடியில் இருந்த தாளை எடுத்துவிட்டேன். நேற்று சிப்பி பொரித்தேன், எண்ணெய் வடிய அடியில் விரித்தேன். நகராட்சியில் நல்ல கெட்டித் தாளாகத்தான் கொடுக்கிறார்கள்.

அப்புறம் கடைத்தெருவில் கத்திக் கடைக்குப் போனேன். நம் ஊர்க் கத்திகள் எல்லாம் வலக்கைக்கே தீட்டியவை, இடக்கைக்கு வேண்டுமென்றால் தனியாகச் சொல்லித்தான் செய்ய வேண்டுமாம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுல யாரும் இடக்கைக்காரங்க இல்லையேம்மா?" என்றார். இருக்கிறார், வெளியூரில் இருக்கிறார் என்றேன். கத்தி இருபத்தெட்டாம் தேதி கைக்கு வந்துவிடும். அதை உங்களுக்கு அனுப்ப மாட்டேன். கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்கள், எனக்கு அந்தப் பயம் இப்போது நிறைய இருக்கிறது. அது இந்தச் சமையலறையிலேயே, வெட்டுப்பலகையின் இடப்பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தில் இதுவரை எதையும் வைத்ததில்லை, துடைத்து வைத்திருக்கிறேன்.

புத்தாண்டுக்குக் கறுப்பு பீன்ஸை நான் ஊறவைத்துவிடுகிறேன். மோச்சிக்கான பசையரிசியையும் நானே இடித்துவிடுகிறேன். சூப்புக்கான முள்ளங்கியையும் கேரட்டையும் யாரும் அரிய மாட்டார்கள், அது உங்களுக்காகக் காத்திருக்கும். முதியவர்களுக்குப் பண்டிகைச் சமையல் இருக்கும், உங்களால் முப்பத்தொன்றாம் தேதி கிளம்ப முடியாது என்பதும் தெரியும். அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும். இரண்டாம் தேதி வாருங்கள், மூன்றாம் தேதி வாருங்கள். நம் வீட்டுப் புத்தாண்டு நீங்கள் வந்து இறங்கும் அன்றைக்குத்தான். திரும்பிப் போக வேண்டிய நாளில் நானும் உங்களோடு வருகிறேன். எண்பது பேருக்கு அரிய ஒரு வலக்கையும் உதவும்.

கழுத்தில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். ரயிலில் ஏறும்போது முழங்காலைப் பார்த்து ஏறுங்கள்.

நவம்பரில் நான் அனுப்பிய இரண்டு டப்பாக்களும் உங்களிடம்தான் இருக்கின்றன. அவற்றை நீங்களே கையில் கொண்டு வாருங்கள். கழுவ வேண்டாம். உள்ளே ஒன்றும் வைக்க வேண்டாம். காலியாகவே கொண்டு வாருங்கள்.

உங்கள்,
மிட்சுயோ